வண்டல் அள்ள அனுமதி கொடுத்தவர்களுக்கு

ஐயா, அம்மா,

இந்தக் கடிதம் மூன்று மேசைகளுக்கு. எங்கள் குளத்தில் வண்டல் அள்ள அனுமதி கொடுத்த மேசைக்கு, அதே குளத்துத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்து "அளவுக்குள் இருக்கிறது" என்று எழுதிக்கொடுத்த மேசைக்கு, அதே குளத்தில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விட்ட மேசைக்கு. மூன்றுக்கும் தனித்தனியாக மனு கொடுத்துப் பார்த்துவிட்டேன். முதலாமவர் இரண்டாமவரைக் காட்டினார், அவர் மூன்றாமவரைக் காட்டினார், மூன்றாமவர் "நீங்க முதல்ல அங்க போய்க் கேளுங்கம்மா" என்று திரும்ப முதலாமவரிடமே அனுப்பினார். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் போடவில்லை. நொய்யல் கரை, சூலூருக்குக் கிழக்கே, திருப்பூருக்கு மேற்கே, அவ்வளவு போதும். பெயர் வெளியே வந்தால் சந்தையில் எங்கள் கீரைக்கட்டை யாரும் தொடமாட்டார்கள் என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள், எனக்கும் அந்தப் பயம் உண்டு. எந்தக் குளம் என்று உங்களுக்குத் தெரியும். மனு மூன்றும் உங்கள் ஃபைலில்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். இலவச வண்டல் என்று அறிவிப்பு வந்தது, சிட்டா நகலோடு விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு வந்தது, அடுத்த நாள் காலையில் பொக்லைன் இறங்கியது. குளம் முழுக்க வற்றவில்லை, எங்கள் குளம் வற்றவே வற்றாது, மழை இல்லாவிட்டாலும் மேலே இருக்கிற ஊர்களின் சாக்கடை வந்துகொண்டே இருக்கும். நடுவில் பச்சையாகத் தண்ணீர் கிடக்க, ஓரத்தில் காய்ந்த இடத்திலிருந்து ஆள் உயரத்துக்கு வெட்டி வெட்டி டிப்பரில் ஏற்றினார்கள். தென்னந்தோப்புக்கு, மஞ்சள் காட்டுக்கு, கீரைப்பாத்திக்கு. எனக்கும் இரண்டு லோடு கொண்டுவந்து களத்தோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் விண்ணப்பித்திருந்தார், எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான். வண்டல் என்றால் எந்த விவசாயிதான் வேண்டாம் என்பான்?

அந்த மண்ணை உங்களில் யாராவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நான் எடுத்தேன். மை மாதிரிக் கறுப்பு, கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாத வழவழப்பு, அழுகின முட்டை நாற்றம். உள்ளே பாலித்தீன் துண்டுகள், ஒரு ஊசிக்குழாய், பனியன் துணியின் கலர் நூல்கள் சிக்கலாக. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் குவியலின் மேல்பக்கம் கறுப்புப் போய்த் துருப்பிடித்த பழுப்பாகிவிட்டது. ஓரமெல்லாம் உப்பு பூத்து வெள்ளை. "பாத்தியா, மண்ணு பழுத்துருச்சு, இனி போட்டுடலாம்" என்றார் என் மாமனார். அவர் காலத்து வண்டலுக்கு அது சரி. இந்த வண்டலுக்கு அந்த நிறமாற்றம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்று சொல்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள், அவ்வளவுதான், அப்புறம் மாடும் கீரையும். ஆனால் இது பட்டப்படிப்பு வேதியியலுக்கு மேல் இல்லை. காற்று புகாத சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்து கறுப்பாக இருக்கும். காட்மியம், ஈயம், செம்பு, துத்தநாகம் மாதிரியான உலோகங்கள் தண்ணீரில் வந்தால் அந்தக் கந்தகத்தோடும் களிமண்ணோடும் மக்கோடும் ஒட்டிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். அங்கேயே கிடக்கும் வரை பாதிச் சனியன் கட்டிப்போட்ட மாதிரி. தோண்டி வெயிலில் காயப்போட்டால் காற்று பட்டுக் கந்தகம் மாறும், கறுப்பு பழுப்பாகும், கட்டிப்போட்டிருந்தவை கழன்றுகொள்ளும். அடுத்த மழைக்கு வேரடிக்குப் போகும். கீரைக்குக் காட்மியம் என்றால் ஒரு தனி ஆசை, வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துவைக்கும், செடி வாடாது, இலை மஞ்சளாகாது, பார்க்கத் தளதளவென்று இருக்கும்.

இப்போது தண்ணீரைச் சோதித்த மேசைக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய அறிக்கை என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கம். அமில காரத் தன்மை, கரைந்த உப்பு, அழுக்கு எவ்வளவு பிராணவாயுவை இழுக்கும் என்று காட்டுகிற பிஓடி, சிஓடி, சாக்கடைக் கிருமியைக் காட்டுகிற கோலிஃபார்ம். உலோகம் ஒன்றுகூட இல்லை. சேறு இல்லை, மீன் இல்லை. மாதிரி எடுத்த இடம் மதகு, எடுத்த நாள் நல்ல மழைக்கு அடுத்த வாரம். நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும். தண்ணீர் ஒரு மழைக்கு ஒரு மாதிரி இருக்கும், இன்றைக்கு வந்ததை நாளைக்குக் கீழே தள்ளிவிடும். இருபது முப்பது வருஷமாக வந்ததெல்லாம் எங்கே படிந்ததோ அந்த இடத்தை விட்டுவிட்டு மேலே ஓடுவதை மட்டும் முகர்ந்து பார்த்தால் என்ன தெரியும்? கோவையில் உலோக முலாம் பூசுகிற எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் எத்தனை வருஷமாக இருக்கின்றன, நகரத்துச் சாக்கடை எத்தனை வருஷமாக நொய்யலில் விழுகிறது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சேற்றிலிருந்து ஆரம்பித்தால்தான் குளம் புரியும். மதகுப் பக்கம் கால் வைத்தால் சிவப்பு நூல் மாதிரிப் புழுக்கள் நெளியும், பிராணவாயு இல்லாத சேற்றிலும் பிழைக்கிற ஜாதி, சேற்றைத் தின்று சேற்றையே கழிப்பவை. அவற்றைக் கெளுத்தி தின்னும். ஜிலேபிக் கெண்டை பாசியையும் தின்னும், சேற்றையும் கிளறித் தின்னும். சின்ன மீனை விரால் பிடிக்கும். நத்தையை நத்தைகுத்தி நாரை உடைக்கும், மடையானும் நீர்க்காகமும் கிடைத்த மீனை விழுங்கும், கரையில் மாடு மேயும், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் மீன் வாங்குவோம். பொக்லைன் சேற்றைப் புரட்டிய அன்றைக்கே பின்னால் கொக்குக் கூட்டம் வந்து நின்றதைப் பார்த்திருப்பீர்கள், வந்திருந்தால். ஒவ்வொரு வாளிக்கும் ஓடிஓடி வந்து புழுவைக் கொத்தின. பையன்கள் செல்போனில் படம் பிடித்தார்கள், அழகாகத்தான் இருந்தது. நீங்கள் வண்டல், நீர், மீன் என்று மூன்று ஃபைலாகப் பிரித்து வைத்திருப்பது அந்தக் கொக்குக்குத் தெரியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "அந்தம்மா எல்லாத்துக்கும் பயப்படுது" என்று ஒதுக்கிவிடுவீர்கள். புழுவை மீனும் மீனைப் பறவையும் தின்னத் தின்ன எல்லா விஷமும் படிக்குப்படி பெருகிக்கொண்டே போவதில்லை. குரோமியம் பெரும்பாலும் அடிமட்டத்து உயிர்களிலேயே நின்றுவிடும், மேலே போகப்போக அளவு ஏறாது. ஈயம் எலும்பில் போய் உட்காரும். காட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும், மனிதச் சிறுநீரகத்துக்குள் போனால் பத்து வருஷத்துக்கு மேல் தங்கும். படிக்குப்படி பெருகுவதில் மோசமானது பாதரசம். காற்றில்லாச் சேற்றில் இருக்கிற பாக்டீரியா அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும், அது மீனின் சதையிலேயே கலந்துவிடும், மஞ்சள் போட்டுக் கழுவினாலும் தோலை உரித்தாலும் குழம்பு கொதித்தாலும் போகாது, பெரிய மீனில் அதிகம், மீன் தின்னும் பறவையில் அதைவிட அதிகம். டிடிடி மாதிரியான பழைய பூச்சிமருந்துகள் கொழுப்பில் சேரும், பாலிலும் வரும். ஆக எதை எங்கே தேட வேண்டும் என்பது ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரு பாட்டில் தண்ணீரில் எல்லாவற்றையும் தேட முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஜப்பானில் ஜின்சு என்று ஒரு ஆறு. மேலே சுரங்கம், அதிலிருந்து காட்மியம். கீழே பள்ளத்தாக்கில் அந்த ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த நெல் வயல்கள். அந்த அரிசியைப் பல வருஷம் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு எலும்பு வலுவிழந்து லேசாக அசைந்தாலே முறிகிற நிலை. அந்த நோய்க்குப் பெயரே இதாய் இதாய், வலிக்குது வலிக்குது என்று அர்த்தம். அதிகம் பாதிக்கப்பட்டது யார் தெரியுமா, பல பிள்ளை பெற்று நடுவயது தாண்டின பெண்கள். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, மூன்று பிள்ளை, அந்த வரியைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. 1968ல் அந்நாட்டு அரசே அதை மாசினால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டது. அப்புறம் வயல்களில் மண்ணை மாற்றுகிற வேலை ஆரம்பித்து, அது முடிந்தது 2012ல். கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம், பணக்கார நாட்டுக்கே. அங்கே விஷம் வாய்க்கால் வழியாகத் தானாக வயலுக்கு வந்தது. இங்கே நாம் டீசல் போட்டு டிப்பரில் கொண்டுபோய்க் கொட்டுகிறோம், அதற்கு அனுமதிச் சீட்டும் தருகிறோம்.

அதே ஜப்பானில் அகானோ ஆறு. ஆலை இருந்தது கடலோரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் மேலே. 1965ல் நோய் வெளியே தெரிந்தது கீழே, ஆற்று மீனை நம்பிச் சாப்பிட்ட குடும்பங்களில். பாதரசம். அவ்வளவு தூரம் ஓடிவந்தால் நீர்த்துப்போகும் என்று நினைத்தது எல்லாம் மீனுக்குள் கூடிவந்தது.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். சரி, நம் ஆற்றுக்கே வருவோம். ஒரத்துப்பாளையம் அணையை எதற்குக் கட்டினார்கள்? பாசனத்துக்கு. 1992ல் திறந்தார்கள், கொஞ்ச வருஷத்திலேயே சாயத்தண்ணீர் தேங்கும் தொட்டியானது. "அணையைத் திற" என்று கேட்கிற விவசாயி எல்லா ஊரிலும் இருப்பான், "ஐயா, தயவுசெய்து திறக்காதீங்க" என்று கேட்க வேண்டி வந்தவன் எங்கள் நொய்யல் விவசாயி. வழக்குமேல் வழக்கு நடந்து, 2009ல் உச்ச நீதிமன்றம் வரை போய், 2011 ஜனவரி 28ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் மொத்தமாக மூடச் சொன்னதும், கழிவுநீரே வெளியேறாத முறைக்கு மாற வேண்டி வந்ததும் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தண்ணீரின் நிறம் மாறியது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் கதை சாயம் மட்டும் இல்லை, மேலே நகரம் இருக்கிறது. அதோடு 2011க்கு முந்தின வண்டலும் பிந்தின வண்டலும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காகத்தான் கிடக்கின்றன. இப்போது ஆள் உயரத்துக்கு வெட்டுகிறீர்களே, எந்த வருஷத்து அடுக்கை எங்கள் கீரைப்பாத்தியில் பரப்புகிறீர்கள் என்று ஒருவராவது சொல்ல முடியுமா?

"ஆபத்து இருக்குன்னு ஆதாரம் கொண்டுவாங்க" என்று வண்டல் மேசையில் சொன்னார்கள். தனியார் ஆய்வகத்தில் விசாரித்தேன். ஒரு மாதிரிக்கு, ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிக் கட்டணம், பத்து மாதிரி கொடுத்தால் எனக்கு ஒரு மாதத்துப் பால் காசு போதாது. அப்படியே கொடுத்தாலும் "நீங்களே எடுத்த மாதிரி செல்லாது" என்று நீங்களே சொல்வீர்கள். ஆனால் கேளுங்கள், 1996 ஆகஸ்ட் 28ல் பாலாற்றுத் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்றது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே தீர்ப்பில் முன்னெச்சரிக்கை பற்றியும் சொல்லியிருக்கிறது: தான் செய்யும் காரியத்தால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டுகிற பொறுப்பு அதைச் செய்பவருடையது. பக்கத்து மாவட்டங்களுக்கு எழுதின தீர்ப்பு இல்லை அது, நாடு முழுமைக்குமானது. ஆக ஆதாரம் கொண்டுவர வேண்டியது இரண்டு மாடு வைத்திருக்கிற நான் இல்லை. நீங்கள்.

மீன் மேசைக்கும் ஒரு வார்த்தை. குத்தகைக்காரரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவரிடம் வேலை செய்கிற தம்பி, விடியற்காலையில் பரிசலில் போய் வலை எடுப்பவர், மிச்சமான பொடிமீனை எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார், காசு வாங்கமாட்டார். அவர் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் குளத்து மீன்தான், கர்ப்பமாக இருக்கிற மருமகளுக்கும் அதுதான். "குளத்து மீனு ஒடம்புக்கு நல்லதுங்கக்கா" என்கிறார். அவரிடம் நான் என்ன சொல்ல? சாப்பிடாதே என்று சொல்ல என்னிடம் அறிக்கை இல்லை, சாப்பிடு என்று சொல்ல மனம் வரவில்லை. உணவுப் பாதுகாப்பு விதிகளில் மீனுக்கு ஈயம், காட்மியம், பாதரசத்துக்கு வரம்பு இருக்கிறது. ஏலம் விடும்போது மீன்குஞ்சு எவ்வளவு விட வேண்டும், தொகை எப்போது கட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போடுகிறீர்கள், அந்த மீனை ஒரு தடவை சோதித்தீர்களா என்று கேட்டதற்கு வந்த பதில் "அது எங்க வேலை இல்லைங்க".

இன்னொன்று, கோபத்தில் மறந்துவிடக் கூடாது. எங்களுக்குக் கிழக்கே நஞ்சராயன் குளத்தைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்து, 2024ல் ராம்சர் என்கிற உலக முக்கிய ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்த்தது அரசுதான், நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். பறவைக்கு அந்தக் குளத்துக்கும் இந்தக் குளத்துக்கும் இடையில் வேலி கிடையாது. அங்கே படம் எடுக்கப்படுகிற நாரை இங்கே வந்து இரை எடுக்கலாம்.

வண்டல் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை, இதைத் திரித்துப் பேச வேண்டாம். மழைத்தண்ணீர் மட்டும் வருகிற குளத்தில் அள்ளுங்கள், நானே மண்வெட்டி எடுத்து வருகிறேன். சாக்கடையும் பட்டறைக் கழிவும் வந்து விழுகிற குளத்தையும் மானாவாரிக் குளத்தையும் ஒரே படிவத்தில், ஒரே கையெழுத்தில் போட்டதைத்தான் ஏற்க முடியாது என்கிறேன்.

நான் கேட்பது இதுதான், ஒளிவுமறைவில்லாமல்.

முதலில், இந்தக் குளத்தில் வண்டல் அள்ளுவதை இன்றைக்கே நிறுத்துங்கள், சேற்றைச் சோதித்து முடிவு வரும் வரை. சோதனை என்றால் கரையோரம் ஒரு கைப்பிடி இல்லை. வாய்க்கால் வந்து விழும் வாயில், நடுவில், மதகடியில் என்று குறைந்தது மூன்று இடத்தில் குழாய் இறக்கி மேலிருந்து கீழ் வரை அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். குரோமியம், காட்மியம், ஈயம், செம்பு, நிக்கல், துத்தநாகம், பாதரசம் எல்லாம் பார்க்க வேண்டும், மொத்தம் எவ்வளவு என்று மட்டும் இல்லை, காய்ந்து நனைந்தால் எவ்வளவு கழன்று வரும் என்றும். மாதிரி எடுக்கும்போது ஊர்க்காரர் இரண்டு பேர் கூட இருக்க வேண்டும்.

இதுவரை போன லோடுகள் எந்தெந்தச் சர்வே எண்ணுக்குப் போயின என்ற பட்டியல் அனுமதிச் சீட்டிலேயே இருக்கும். அந்தக் காடுகளில் மண்ணையும், விளைகிற கீரையையும், மேய்கிற மாட்டுப் பாலையும் சோதியுங்கள். இன்னும் பரப்பாமல் குவியலாக வைத்திருப்பவர்களுக்குப் பரப்ப வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுங்கள். என் களத்தில் கிடக்கிற இரண்டு லோடைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருக்கிறேன், உங்கள் முதல் மாதிரியை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். மோசம் என்று வந்தால் அதை எங்கே கொண்டுபோவது என்ற பொறுப்பும் உங்களுடையது, திரும்பக் குளத்திலேயே கொட்டிவிட்டுப் போகக் கூடாது.

மீனை இனம் வாரியாகச் சோதியுங்கள். சேறு கிளறுகிற கெண்டை தனி, கெளுத்தி தனி, விரால் தனி, சிறிசும் பெரிசும் தனித்தனி, சதை தனி, ஈரல் தனி. எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சராசரி எடுத்துக் காட்ட வேண்டாம். வரம்பைத் தாண்டியிருந்தால் குத்தகையை நிறுத்திவையுங்கள், கட்டின தொகையைத் திருப்பிக் கொடுங்கள், பரிசல் தள்ளுகிறவருக்கு வேலை போகிற காலத்துக்குக் கூலி கொடுங்கள். அந்தக் குடும்பம் இதைச் செய்யவில்லை, அதன் தலையில் கட்டாதீர்கள்.

முடிவு எதுவானாலும் தமிழில் எழுதிக் குளக்கரையில் பலகையாக வையுங்கள், கிராம சபையில் வாசியுங்கள். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று வந்தால் இதே இடத்தில் என் தப்பை ஒப்புக்கொண்டு எழுதுவேன், தார்ப்பாயை எடுத்துவிட்டு அந்த இரண்டு லோடையும் கீரைக்குப் போடுவேன்.

பொக்லைன்காரர் ஞாயிறு லீவு விட்டிருக்கிறார், திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மறுபடி இறங்குவதாகச் சொன்னார். உத்தரவை அதற்கு முன்னால் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குளத்தின் கிழக்குக் கரையில் இரண்டு மாடும் முக்கால் ஏக்கர் கீரையும் வைத்திருப்பவள்